பழைய காரில் ஹெட்லைட் மாற்றியும் ரோடு தெரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பழைய கார் வைத்திருப்பவர் ஒரு மழை இரவில் ஓட்டிவிட்டு வந்தால், மறுநாள் காலையில் முதல் வேலையாகப் புது பல்பு தேடுவார். நானும் அப்படித் தேடியவன்தான். ஒரே வருடத்தில் மூன்று ஜோடி மாற்றினேன். ஒவ்வொரு முறையும் முதல் நாள் "பரவாயில்லையே" என்று தோன்றும். ஒரு வாரம் போனால் பழையபடி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுவேன். நான்காவது ஜோடி வாங்கப் போகும்போதுதான் மல்டிமீட்டரை எடுத்து ஹோல்டரில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. இன்ஜின் ஓடுகிறது, பேட்டரியில் 13.8 வோல்ட். பல்புக்கு வந்து சேர்ந்ததோ 10.9. மீதி மூன்று வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. அந்த மூன்று ஜோடி பல்புகளிலும் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு நண்பர்களின் கார்கள், அவர்கள் அனுப்பிவைத்தவர்களின் கார்கள் என்று நிறைய பானெட்டுகளைத் திறந்தாயிற்று. பத்தில் ஏழெட்டு முறை அதே கதைதான். அதனால் கீழே எந்த அறிகுறியில் தொடங்கினாலும், புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்பு ஹோல்டரில் வோல்டேஜ் பாருங்கள்.

இது 12 வோல்ட் கார்களுக்கானது. எச்4 பல்பை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பழைய கார்களில் அதுதான் அதிகம்: ஒரே பல்புக்குள் இரண்டு இழை, டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட், பின்பக்கம் மூன்று பின். டிம் என்றால் லோ பீம், பிரைட் என்றால் ஹை பீம். மற்ற வகை பல்புகளுக்கும் சோதனைகள் பெரும்பாலும் இவையேதான்.

கையில் ஒரு மல்டிமீட்டர், நல்ல கிரிம்ப் பிளையர், எமரித் தாள், கான்டாக்ட் கிளீனர், இரண்டு மீட்டர் வயர் இருந்தால் போதும். வோல்டேஜை எப்போதும் பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, ஹோல்டரின் பின்பக்கத்திலிருந்து மீட்டர் ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் இற்றுப்போன வயர்கூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். வயரை வெட்டும் வேலை என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

## இரண்டு பக்கமும் மங்கல்

### ஹெட்லைட்டின் முன் கண்ணாடி மஞ்சளாக இருக்கிறதா?

அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் வெயிலில் மேல் பூச்சு போய் மஞ்சளாகிவிடும். 800-ல் தொடங்கி 1000, 1500, 2000, 3000 என்று தண்ணீர் எமரி போட்டு, கடைசியில் பாலிஷ் செய்தால் தெளிந்துவிடும். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்காமல் விட்டால் சில மாதங்களில் முன்பைவிட மோசமாக மஞ்சளாகும். பற்பசை வைத்துத் தேய்ப்பதெல்லாம் விற்பதற்கு முந்தைய நாள் செய்யும் வேலை. அசல் கண்ணாடி லென்ஸ் என்றால் இந்தத் தொல்லையே இல்லை, நேராக அடுத்ததற்குப் போங்கள்.

### உள்ளே ரிஃப்ளெக்டர் எப்படி இருக்கிறது?

பல்பைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் முகம் பார்க்கும் கண்ணாடிபோல இருக்க வேண்டும். சாம்பல் பூத்தது போலவோ, பல்புக்கு மேலே கருகினாற்போலவோ இருந்தால் எந்த பல்பு போட்டாலும் பயன் இல்லை. துணியை விட்டுத் துடைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது மெல்லிய அலுமினியப் பூச்சு, துணியோடு கையில் வந்துவிடும். நான் ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன். ரிஃப்ளெக்டர் போயிருந்தால் லைட் அசெம்ப்ளியையே மாற்ற வேண்டியதுதான். ஆனால் அது கடைசிச் செலவு. முதலில் வோல்டேஜ்.

### பேட்டரியில் எவ்வளவு, பல்பில் எவ்வளவு?

இன்ஜினை ஓடவிட்டு, டிம் போட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்து கொள்ளுங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜிங் சரி. 13-க்குக் கீழே இருந்தால் கோளாறு விளக்கில் இல்லை. ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்வா, பேட்டரி முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டை (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும். அதை அதற்கான ஆளிடம் விடுங்கள்.

ஐடிலில் லேசாக மங்கி, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் தெளிவது பழைய கார்களுக்கு இயல்பு. மிதிக்கும்போது ராத்திரி பகலாவது போல வித்தியாசம் தெரிந்தால் அது இயல்பு இல்லை.

பேட்டரி சரி என்றால் இப்போது பல்பின் பின்களில் அளக்கவும். இரண்டு எண்களுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கோளாறு வழியில் இருக்கிறது. வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். என் காரில் கிடைத்த 10.9 வோல்ட்டில் பல்பு தன் முழு வெளிச்சத்தில் பாதியைத்தான் தந்துகொண்டிருந்தது.

இனி அந்த வோல்ட் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பல்பு எரியும்போதே மீட்டரின் கறுப்பு ஊசியை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு ஊசியைப் பல்பின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. அடுத்து சிவப்பை பேட்டரி பாசிட்டிவிலும், கறுப்பைப் பல்புக்கு வரும் டிம் பின்னிலும் வையுங்கள். இங்கே அரை வோல்ட்டைத் தாண்டினால் வரும் வழி கெட்டது.

வரும் வழி கெட்டிருந்தால் பெரும்பாலும் வயரைக் குறை சொல்ல முடியாது. பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டின் மொத்தக் கரண்ட்டும் டேஷ்போர்டுக்கு வந்து, ஸ்டீயரிங்கில் இருக்கும் சுவிட்சுக்குள் புகுந்து, மறுபடி முன்னால் போகிறது. இரண்டு டிம் இழைகளுக்குச் சுமார் 10 ஆம்பியர். இருபது முப்பது வருடம் அதைச் சுமந்த சுவிட்ச் முனைகள் கருகித்தான் இருக்கும். சுவிட்ச் தொட்டால் சுடுகிறதா, கருகல் வாசனை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சுவிட்சை மாற்றி, கையோடு ரிலேயும் (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருக்கும் கார் என்றால் அந்தச் சுவிட்சை நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

### ரிலே போடுவது

மொத்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த வேலை இதுதான். புது பல்பு, புது அசெம்ப்ளி எதுவும் இல்லாமல், அதே விளக்கில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. ஒவ்வொன்றிலும் 30 எண் முனைக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக நேர் வயர். 87 எண் முனையிலிருந்து பல்புகளுக்கு. 85, 86 இரண்டும் ரிலேயின் காயில், பழைய ஹோல்டரிலிருந்து வரும் கரண்ட் இதை மட்டும் இயக்கினால் போதும். காயில் இழுப்பது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, சுவிட்சுக்கு ஓய்வு கிடைத்துவிடும்.

பேட்டரியிலிருந்து வரும் வயர் 4 சதுர மிமீ, பல்புகளுக்குப் போவது 2.5 சதுர மிமீ. எர்த் வயரும் அதே 2.5. பாசிட்டிவை மட்டும் தடிமனாகப் போட்டுவிட்டு பழைய எர்த்தை அப்படியே விடுவதைப் பல கார்களில் பார்க்கிறேன், பாதி வேலைதான் அது. ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி 15 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். இடமிருந்தால் இடது, வலதுக்கும் பிரித்துவிடலாம். ஒன்று போனாலும் நடுவழியில் மொத்தமாக இருட்டாகாது.

வேலை முடிந்ததும் என் காரில் மறுபடி அளந்தேன். 13.3 வோல்ட். பல்பு, கழற்றி அலமாரியில் போட்டிருந்த அந்த முதல் ஜோடியேதான்.

## ஒரு பக்கம் மட்டும் மங்கல்

இது கிட்டத்தட்ட எப்போதும் எர்த்தான். முதலில் இரண்டு பக்க பல்புகளை இடம் மாற்றிப் பாருங்கள். மங்கல் பல்போடு சேர்ந்து போனால் பல்பு, அதே பக்கத்தில் நின்றால் வயரிங். இரண்டு நிமிட வேலை.

வயரிங் என்றால் அந்தப் பக்க ஹோல்டரிலிருந்து கிளம்பும் எர்த் வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். லைட்டுக்குப் பின்னால் தகட்டில் ஒரு போல்ட்டில் வந்து முடியும். அதைக் கழற்றினால் பெரும்பாலும் வளையத்துக்கு அடியில் பச்சைப் பொடி இருக்கும், போல்ட்டைச் சுற்றிப் பெயின்டும் துருவும் சேர்ந்து ஒரு தோல் போலப் படிந்திருக்கும். எமரி வைத்துத் தகடு வெள்ளி மாதிரி மின்னும் வரை தேய்த்து, வளையத்தை மாற்றி, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கிரீஸை முதலில் தடவிவிட்டு இறுக்க வேண்டாம்.

போல்ட் துருவில் மாட்டிக்கொண்டு வரவில்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். ஹோல்டரின் எர்த்திலிருந்து புது வயர் இழுத்து நேராக பேட்டரி நெகட்டிவில் மாட்டிவிடுங்கள்.

### டிம் போட்டால் அந்தப் பக்கம் இரண்டு இழையும் செந்நிறமாக மினுங்குகிறதா?

பார்த்தால் பேய் பிடித்தது போல இருக்கும். ஒரு பக்கம் நன்றாக எரிகிறது. மறுபக்கத்தில் டிம்மும் பிரைட்டும் சேர்ந்து அரை உயிராக எரிகின்றன. டேஷ்போர்டில் நீல பிரைட் விளக்கும் லேசாகத் தெரிகிறது. எர்த் மொத்தமாகவே அறுந்துவிட்டது என்று அர்த்தம். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், பிரைட் இழைக்குள் புகுந்து அடுத்த பக்க விளக்கின் வழியாக வெளியேறப் பார்க்கிறது. பல்பையும் ரிலேயையும் சந்தேகப்படாமல் அந்த எர்த் வயரைத் தேடுங்கள்.

இண்டிகேட்டர் போடும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து துடித்தால், இரண்டும் பங்குபோடும் எர்த் அதே நிலையில் இருக்கிறது.

## ரிலே போட்ட பிறகு கோளாறு

சுவிட்ச் போட்டால் "டக்" சத்தம் வருகிறது, விளக்கு எரியவில்லை. ரிலே வேலை செய்கிறது. 30-ல் 12 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஃபியூஸ், அல்லது பேட்டரி முனையில் மாட்டிய வளையம். 30-ல் இருந்து 87-ல் இல்லையென்றால் ரிலே உள்ளே கருகியிருக்கிறது. அடுத்த ரிலேயை மாற்றிச் செருகிப் பாருங்கள்.

சத்தமே வரவில்லை. காயிலுக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது காயிலின் எர்த் இல்லை. இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் உங்கள் கார் எர்த்தை சுவிட்ச் செய்யும் ரகமாக இருக்கலாம். பல ஜப்பானியப் பழைய கார்கள் இப்படித்தான். பாசிட்டிவ் எப்போதும் இரண்டு இழைக்கும் பொதுவான பின்னில் (பொது பின்) வந்துவிடும், சுவிட்ச் டிம்முக்கோ பிரைட்டுக்கோ எர்த்தைக் கொடுக்கும்.

கண்டுபிடிக்க, இரண்டு பக்க ஹோல்டர்களையும் பல்பிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் அடுத்த பல்பின் இழை வழியாகக் கரண்ட் சுற்றிவந்து குழப்பும். ஹெட்லைட் சுவிட்சைப் போட்டு, கறுப்பு ஊசியை பேட்டரி நெகட்டிவில் வைத்து மூன்று பின்களையும் தொடுங்கள். டிம்மில் ஒரு பின், பிரைட்டில் வேறு பின் 12 காட்டினால் சாதாரண ரகம். டிம்மோ பிரைட்டோ ஒரே பின்தான் 12 காட்டுகிறது என்றால் எர்த் சுவிட்ச் ரகம்.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் ரிலே வயரிங்கில் காயிலின் ஒரு முனையை பாடியில் எர்த் செய்திருப்பார்கள். எர்த் சுவிட்ச் கார்களில் அது வேலை செய்யாது. காயிலின் ஒரு முனையைப் பழைய ஹோல்டரின் பொது பின்னிலும், மறு முனையை டிம் பின்னிலும் கொடுத்துவிடுங்கள். பிரைட் ரிலேக்கு பிரைட் பின். இப்படிக் கொடுத்தால் எந்த ரகக் காரிலும் ஓடும். ரிலேக்குள் டையோடு இருந்தால் மட்டும் பிளஸ் மைனஸ் பார்த்து மாட்ட வேண்டும்.

சாவியை எடுத்தும் விளக்கு அணையவில்லை. ஐந்து முனை ரிலே வாங்கியிருப்பீர்கள். நடுவில் இருக்கும் முனை, ரிலே ஓய்வில் இருக்கும்போதே கரண்ட் தரும். பல்பு வயரை அங்கே மாட்டிவிட்டீர்கள். அப்படி இல்லையென்றால் ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், விட்டால் தூக்கி எறிந்துவிட்டு நல்லதாகப் போடுங்கள்.

ரிலே கடகடவென்று அடித்துக்கொள்கிறது. காயிலுக்கு வரும் கரண்ட் பலவீனம், அல்லது அதன் எர்த் தளர்வு.

## ஹோல்டர் உருகுகிறது, ஃபியூஸ் போகிறது

முதல் கேள்வி: 100/90 வாட் பல்பு போட்டிருக்கிறீர்களா? பிரைட்டில் ஒரு பல்புக்கு 8 ஆம்பியருக்கு மேல், இரண்டுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 17. பழைய வயரிங் அதற்காகச் செய்ததில்லை. பிளாஸ்டிக் ஹோல்டர் கருகும், ரிஃப்ளெக்டர் வெந்து போகும், எதிரில் வருபவருக்குக் கண் கூசும். பல நாடுகளில் ரோட்டில் ஓட்டவே அனுமதி இல்லை. கழற்றிவிட்டு 60/55-க்குத் திரும்புங்கள். 60/55-க்கு முழு வோல்டேஜ் கொடுத்தால், இளைத்த வயரில் எரியும் 100/90-ஐவிட நன்றாகத் தெரியும்.

சாதாரண பல்பே உருக்குகிறதென்றால் ஹோல்டருக்குள் இருக்கும் தகடுகள் தளர்ந்துவிட்டன. பல்பைச் செருகும்போது மூன்று பின்னும் கொஞ்சம் பிடிவாதம் காட்டி உள்ளே போக வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் தகட்டில் பிடிப்பு இல்லை, பிடிப்பில்லாத இடம் சூடாகும், சூடான தகடு இன்னும் தளரும். பிளாஸ்டிக் ஓரத்தில் பழுப்பு வட்டம் தெரியும்போதே மாற்றிவிடுங்கள். பீங்கான் ஹோல்டர் வயரோடு சேர்ந்தே கிடைக்கும். பழைய வயரை வெட்டும்போது உள்ளே செம்பு பளிச்சென்று தெரிகிறதா பாருங்கள். கறுத்திருந்தால் பளிச்சென்று வரும் இடம் வரை பின்னால் வெட்டிக்கொண்டே போக வேண்டும். நான் ஒரு காரில் ஒரு சாண் வெட்டியும் கறுப்பு நிற்கவில்லை. அந்த நிலைமைக்கு வந்தால் வயரிங் கட்டுக்குள்ளேயே வெந்திருக்கிறது, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விடுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் உருகியிருந்தாலும் அப்படித்தான்.

ஃபியூஸ் போகிறது என்று அடுத்த அளவு பெரிய ஃபியூஸ் போடுபவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. வயர் எங்கேயோ தகட்டில் உரசுகிறது. லைட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் சட்டத்தின் கூரான ஓரங்களில் தேடுங்கள்.

## பல்பு அடிக்கடி போகிறது

ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் போனால்: பல்பு கிளிப்பில் சரியாக உட்காராமல் அதிர்கிறது, தண்ணீர் சொட்டுகிறது, அல்லது மாட்டும்போது விரல் பட்டிருக்கிறது. ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடாகி பல்பு சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் சார்ஜிங் வோல்டேஜ் பாருங்கள். இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு அளந்தால் 14.8-ஐத் தாண்டுகிறதா? சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது, பல்போடு பேட்டரியும் சேர்ந்து கெடும். வோல்டேஜ் 5 சதவீதம் ஏறினாலே ஹாலோஜனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

பெட்டியில் கூடுதல் வெளிச்சம் என்று பெரிய சதவீதம் அச்சடித்த பல்புகள் இயல்பிலேயே குறைந்த ஆயுள் கொண்டவை, அவற்றில் கோளாறு தேட வேண்டாம். நீலப் பூச்சு பூசிய வெள்ளை பல்புகள் இன்னொரு ரகம். அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. பார்க்கப் புது கார் மாதிரி இருக்கும், மழையில் ரோடு தெரியாது.

## எல்இடி போட்டேன்: பளிச்சென்று இருக்கிறது, தூரம் தெரியவில்லை

அதிகம் வரும் புகார் இது. காருக்கு முன்னால் பத்தடி பகல்போல இருக்கும், அதற்கு அப்பால் இருட்டு. அதோடு எதிரில் வருபவர்கள் எல்லோரும் பிரைட் அடித்துக் காட்டுவார்கள்.

### சிப் எந்தப் பக்கம் பார்க்கிறது?

செலவில்லாத சோதனை இது. எல்இடி பல்பில் சிப்கள் இரண்டு பக்கமும் இருக்கும். மாட்டிய பிறகு அவை கடிகாரத்தின் 3, 9 திசைகளை, அதாவது இடது வலதைப் பார்க்க வேண்டும். பல பல்புகளில் பிடிவளையத்தை மட்டும் திருப்பிச் சரிசெய்யலாம்.

### சுவரில் கோடு விழுகிறதா?

ஒரு பக்கம் நல்ல ஹாலோஜன், மறுபக்கம் எல்இடி போடுங்கள். சமதளத்தில் சுவரிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, ஒவ்வொரு பக்கமாக அட்டையால் மறைத்து டிம்மைப் பாருங்கள். ஹாலோஜன் பக்கம் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் தெளிவான ஒரு விளிம்பு இருக்கும். எல்இடி பக்கம் அதே விளிம்பு, அதே இடத்தில் விழுந்தால் உங்களுக்கு நல்ல பல்பு கிடைத்திருக்கிறது. விளிம்புக்கு மேலே பால் தெளித்தது போல வெளிச்சம் சிதறினால் அந்த பல்பு உங்கள் ரிஃப்ளெக்டருக்குப் பொருந்தவில்லை. ரிஃப்ளெக்டர், மில்லிமீட்டர் கணக்கில் குறித்த இடத்தில் இருக்கும் ஒரு மெல்லிய இழைக்காக வடிவமைத்தது. சிப் அந்த இடத்தில் இல்லையென்றால் எத்தனை லூமன் இருந்தும் வீண்தான். லைட்டைக் கீழே இறக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இருக்கும் தூரமும் போய்விடும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் ஹெட்லைட்டுக்கு அனுமதி தருவது அதற்குரிய பல்பு வகையோடு சேர்த்துத்தான். ஹாலோஜன் கூட்டில் எல்இடி போட்டால் வாகனச் சோதனையில் நிற்கும். எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த முழு விளக்காக வாங்குவது நேர்வழி. உங்கள் கார் 7 அங்குல வட்ட விளக்கு ரகம் என்றால் அதிர்ஷ்டசாலி, அந்த அளவில் சீல்டு பீம் (இழை, ரிஃப்ளெக்டர், கண்ணாடி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த விளக்கு) 1940 முதல் வந்துகொண்டிருப்பதால் பொருந்தக்கூடிய விளக்குகள் ஏராளம். பின்பக்கம் ஆழம் போதுமா என்று மட்டும் அளந்துவிட்டு வாங்குங்கள். பழைய சீல்டு பீமைவிட எச்4 கூடும் எல்இடி விளக்கும் பின்னால் அதிகமாக நீட்டும்.

### எல்இடி மினுக்குகிறது அல்லது எரியவே இல்லை

எரியவில்லை என்றால் முன்பு சொன்ன எர்த் சுவிட்ச் ரகமா என்று சோதியுங்கள். இழைக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எல்இடிக்கு உண்டு. அப்படிப்பட்ட கார்களில் டேஷ்போர்டின் நீல விளக்கும் எரியாமல் போகலாம், அல்லது அணையாமல் நிற்கலாம். அதன் கரண்ட் அடுத்த இழை வழியாகப் போகும்படி வயரிங் செய்திருப்பார்கள், இப்போது அந்த இழையே இல்லை. இதற்கென்று தனி அடாப்டர் வயரிங் கிடைக்கிறது.

மினுக்கினால் முதலில் எர்த், பிறகு ஹோல்டர் பிடிப்பு. பகலிலும் பிரைட்டைக் குறைந்த வோல்டேஜில் எரியவிடும் கார்களில் எல்இடி மினுக்கத்தான் செய்யும். ரிலே போட்டால், அல்லது அந்தப் பகல் விளக்கு வசதியைத் துண்டித்தால் சரியாகும்.

அரை மணி நேரம் நன்றாக எரிந்து பிறகு மங்கினால் அது சூடு. பின்னால் ஃபேன் சுற்றுகிறதா, ரப்பர் மூடிக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு போட்டதும் ரேடியோ இரைந்தால் எல்இடிக்குக் கரண்ட் தரும் டிரைவர் பெட்டியின் குறை. அதை ஆன்டெனா வயரிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்கலாம், இரைச்சல் போகவில்லை என்றால் வேறு பல்புதான்.

### எச்ஐடி இருந்தால்

பழைய உரிமையாளர் போட்டுவிட்டுப் போன எச்ஐடி செட் (இழை இல்லாமல், வாயுவுக்குள் மின்பொறியால் எரியும் விளக்கு) ஒரு பக்கம் எரியவில்லையா? பல்புகளை இடம் மாற்றினால் பல்பா, அதற்கு வோல்டேஜ் ஏற்றித் தரும் பாலாஸ்டா என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் போக வேண்டாம். பற்றவைக்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும் சாமான் அது. இடம் மாற்றும்போதும் விளக்கை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் விட்டே தொடுங்கள். பாலாஸ்டைத் திறக்காதீர்கள்.

## கண்ணாடிக்குள் ஈரம்

காலையில் லேசாக மூட்டம் போட்டு, விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் மறைந்தால் விட்டுவிடுங்கள். சொட்டாகத் தண்ணீர் தேங்கி நின்றால், பின்னால் ரப்பர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பல்பு மாற்றும்போது அதைக் கிழித்துவிட்டோமா, காற்றுப்போக்குக் குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். குழாயைச் சிலிக்கான் வைத்து அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். எல்இடி போட்ட பிறகுதான் இந்த ஈரத் தொல்லை தொடங்கியது என்று பலர் சொல்வார்கள், அது பிரமை இல்லை. ஹாலோஜன் தன் சூட்டால் முன்கண்ணாடியைக் காயவைத்துக்கொண்டிருந்தது. எல்இடியின் சூடு பின்பக்கம் போய்விடுகிறது.

## எல்லாம் சரி, ஆனால் வெளிச்சம் மரத்திலும் பள்ளத்திலும் விழுகிறது

பல்பு, கூடு, ஸ்பிரிங் எதை மாற்றினாலும் கடைசியில் திசை பார்த்தே ஆக வேண்டும். டயர் காற்று சரியான அளவில், பின்னால் சுமை இல்லாமல், ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டரில் காரை நிறுத்துங்கள். இரண்டு விளக்கின் நடு உயரத்தையும் அளந்து சுவரில் டேப் ஒட்டுங்கள். டிம்மின் வெளிச்ச விளிம்பு அந்த டேப்புக்கு 10 செமீ கீழே விழ வேண்டும். இடம் ஐந்து மீட்டர்தான் இருக்கிறதென்றால் 5 செமீ. இது பல கார்களுக்குப் பொருந்தும் ஒரு சதவீதக் கணக்கு. உங்கள் விளக்கின் மேலோ பானெட்டுக்குள்ளோ வேறு எண் அச்சடித்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பின் ஒரு முனை மேலே ஏறும். அது ரோட்டோரப் பக்கமாக ஏற வேண்டும். இடதுபக்கம் ஓட்டும் நாட்டில் இடது, வலதுபக்கம் ஓட்டும் நாட்டில் வலது. தலைகீழாக ஏறினால் வேறு நாட்டுக்குச் செய்த விளக்கு உங்களிடம் வந்திருக்கிறது. எந்தத் திருகைத் திருப்பினாலும் அது சரியாகாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

திருகைத் திருப்பினால் சுவரில் ஒன்றும் நகரவில்லையா, சின்னக் குழியில் இறங்கினாலே வெளிச்சம் தலையாட்டுகிறதா? உள்ளே பிளாஸ்டிக் குமிழ் உடைந்திருக்கிறது. லைட்டைக் கையால் பிடித்து அசைத்தால் தெரிந்துவிடும். குமிழ் தனியாகக் கிடைக்கும் கார்களும் உண்டு. கிடைக்காத ஒரு காரில் நான் கம்பி வைத்துக் கட்டினேன். ஒரு மாதம் தாங்கியது, அப்புறம் மறுபடி ஆட ஆரம்பித்தது, அசெம்ப்ளியை மாற்றினோம்.